புள்ளிக்கு வலப்பக்கம்

என் அண்ணன் வேலை பார்த்த கூடத்தில் லிட்டர் என்ற பேச்சே கிடையாது. வண்டி பேட்டரிக்கு ஊற்றுகிற காய்ச்சி வடித்த தண்ணீரை பாட்டிலிலும் கேனிலும் அடைத்துக் கடைகளுக்கு அனுப்புகிற இடம் அது. முப்பத்தோரு வருஷம் அங்கே பாட்டில் நிரப்பினார். முதலாளி எல்லா லேபிளிலும் மில்லிலிட்டரைத்தான் அச்சடிப்பார். ஒரு லிட்டர் பாட்டில் என்றால் ஆயிரம், அரை லிட்டர் என்றால் ஐந்நூறு, ஐந்து லிட்டர் கேன் என்றால் ஐயாயிரம்.

"அஞ்சுன்னு போட்டா வாங்கறவனுக்குக் கண்ணு நிறையாதுய்யா. ஐயாயிரம்னு போடு. தூக்கும்போதே கை வலிக்கும் பாரு" என்பாராம்.

அதனால் அங்கே எல்லோரும் அப்படியே பேசப் பழகிவிட்டார்கள். "ஆயிரம் எத்தனை ஆச்சு?" என்று ஒருவர் கேட்பார். "நாப்பது ஆயிரம் போயாச்சு, ஐயாயிரம் ஏழு நிக்குது" என்று இன்னொருவர் சொல்வார். வாசலோடு போகிறவர்கள் கேட்டால் உள்ளே ஏதோ பெரிய புள்ளிகள் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வார்கள். உள்ளே பார்த்தால் ரப்பர் செருப்பும் நனைந்த சட்டையுமாக நாலு பேர் நிற்பார்கள்.

லிட்டர் தலை காட்டுகிற ஒரே இடம், பெரிய டிரம்மில் தண்ணீர் இறங்குகிற குழாயில் பொருத்தியிருந்த மீட்டர். சின்னக் கண்ணாடிக்குள் எண்கள் ஓடும். நடுவில் ஒரு புள்ளி. 12.500 என்று நின்றால் பன்னிரண்டு லிட்டர், ஐந்நூறு மில்லி. 3.050 என்று நின்றால் மூன்று லிட்டர், ஐம்பது மில்லி. அண்ணன் அதைப் பார்த்து, மனசுக்குள்ளேயே மில்லியாக மாற்றி, பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு, மூவாயிரத்து ஐம்பது என்று பதிவேட்டில் எழுதுவார்.

"புள்ளிக்கு இந்தப் பக்கம் லிட்டர், அந்தப் பக்கம் மில்லி. அவ்வளவுதான். இதுக்கு எதுக்கு காலேஜு?" என்று என்னிடம் ஒருமுறை சிரித்துக்கொண்டு சொன்னார். முப்பத்தோரு வருஷத்தில் அந்தக் கணக்கு ஒருநாள்கூடத் தப்பியதில்லை. அந்த மீட்டரில் புள்ளிக்கு வலப்பக்கம் எப்போதும் மூன்று எண் இருக்கும், அதனால்தான் தப்பவில்லை. இதை நான் இப்போதுதான் தெரிந்துகொண்டு எழுதுகிறேன். அப்போது எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. நாங்கள் இரண்டு பேரும் ஐந்தாம் வகுப்போடு நின்றவர்கள். அப்பா படுத்துவிட்டார், வீட்டில் சம்பாதிக்கக் கை தேவைப்பட்டது. புள்ளி வைத்த கணக்கு ஆறாம் வகுப்பில் வந்தது என்று பிறகு யாரோ சொன்னார்கள்.

கூடத்தில் அவருக்கு வைத்த பேர் சொட்டு. அளவு ஜாடியில் தண்ணீர் நின்றால் ஓரம் ஏறியும் நடுவில் குழிந்தும் நிற்கும். மற்றவர்கள் ஓரத்தைப் பார்த்து ஊற்றுவார்கள். அண்ணன் மட்டும் குனிந்து, கண்ணை ஜாடிக்கு நேராகக் கொண்டுவந்து, குழியின் அடி கோட்டில் உட்காருகிறதா என்று பார்ப்பார். ஒரு சொட்டு கூடிவிட்டால் சொட்டுக் குழாயால் அதை எடுத்துவிடுவார். லேபிள் ஒட்டுகிற அம்மாளுக்கு இதைப் பார்த்தால் பொறுக்காது.

"ஏன் சொட்டு, ஒரு துளி கூடிப்போனா பேட்டரி மூழ்கிச் செத்துடுமா?"

"கூடினாலும் தப்பு, குறைஞ்சாலும் தப்பு. ஆயிரம்னா ஆயிரம்."

"உங்க வீட்டு அம்மா எப்படித்தான் உங்களோட குடும்பம் நடத்துறாங்களோ!"

வீட்டு அம்மா, அதாவது என் அண்ணி, நன்றாகவே குடும்பம் நடத்தினார். துணி தேய்க்கிற கடையில் வேலை. நாள் முழுக்க நின்றுகொண்டு, சூட்டிலும் ஆவியிலும் சட்டை தேய்ப்பார். வீட்டுக்கு வந்ததும் ஒரு ஜக் தண்ணீரை அண்ணாந்து ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "ஆங்" என்று ஒரு சத்தம் கொடுப்பார். கீழ்வீட்டில் தையல் மிஷினில் உட்கார்ந்திருக்கும் எனக்கு அந்தச் சத்தம் கேட்கும். அண்ணி வந்துவிட்டார் என்று தெரிந்துகொள்வேன். ஆள் நல்ல பருமன். தன்னையே கேலி பண்ணிக்கொள்வதில் அவரை யாரும் மிஞ்ச முடியாது.

"நாத்தனாரே, உங்க அண்ணன் என்னையும் அளந்து பார்த்துத்தான் கட்டினார். கொஞ்சம் கூடிப்போச்சு. எடுக்கத்தான் அந்தச் சொட்டுக் குழாய்க்குத் தெம்பில்லை."

அண்ணன் பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பார். தலையைத் தூக்காமல் சிரிப்பார். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. கட்டில் ஒன்று, நாற்காலி இரண்டு, ஜன்னலோரம் ஒரு மேஜை, அவ்வளவுதான் வீடு. ஆனால் அந்த வீட்டில் பேச்சுக்குப் பஞ்சமே இருந்ததில்லை.

போன வருஷம் அண்ணிக்குக் கால் வீங்க ஆரம்பித்தது. நின்று செய்கிற வேலைதானே என்று விட்டுவிட்டோம். பிறகு செருப்பு போட முடியவில்லை. பிறகு இரண்டு படி ஏறினால் மூச்சு வாங்கியது. ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு நாள் வைத்திருந்தார்கள். இதயம் பலவீனமாகிவிட்டது, உடம்பில் தண்ணீர் தங்குகிறது என்றார் டாக்டரம்மா. சின்ன வயசு, பொறுமையானவர். அவரைக் குறை சொல்ல என் வாய் வராது.

வீட்டுக்கு அனுப்பிய நாள் கவுண்டரில் ஒரே கூட்டம். நர்ஸ் மாத்திரைகளை எண்ணிக் கொடுத்து, சீட்டை அண்ணன் கையில் வைத்தார். மாத்திரைகளுக்குக் கீழே ஒரு வரி எழுதியிருந்தது. நாள் ஒன்றுக்குக் குடிக்க வேண்டியது: 0.75 லி.

"தண்ணி, பால், டீ, எல்லாம் சேர்த்துத்தான் இது. இதுக்கு மேல ஒரு சொட்டு போகக்கூடாது. அவங்க கெஞ்சுவாங்க, நீங்க மனசு இளகிடாதீங்க. கூடிச்சுன்னா திரும்ப மூச்சு முட்டி இங்கேதான் வரணும்."

"என்கிட்ட விடுங்க சிஸ்டர். என் தொழிலே அதுதான்" என்றார் அண்ணன்.

நர்ஸ் சிரித்தார். "அப்ப எனக்குக் கவலையே இல்லை" என்று சொல்லி அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

வண்டியில் வரும்போது அண்ணன் சீட்டைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து, ஜாடியைப் பார்க்கிற மாதிரியே பார்த்தார். "லிட்டர் சைபர். மில்லி எழுபத்தஞ்சு" என்றார். 

"ரொம்பக் கம்மியா இல்லையா அண்ணே?" என்றேன்.

"எனக்கும் அப்படித்தான் தோணுச்சு. ஆனா உடம்பு பூராத் தண்ணி நிக்குதே, அது முதல்ல வத்த வேணாமா? அவங்க படிச்சவங்கம்மா. எழுதிக் கொடுத்ததுல நாம போய் கையை வைக்கலாமா?"

எனக்கு அது சரியாகத்தான் பட்டது. அண்ணி என் தோளில் தலை சாய்த்துக் கண்ணை மூடியிருந்தார். "எழுபத்தஞ்சோ எண்பதோ, நான் ஒழுங்கா வேலைக்குப் போனாப் போதும்" என்றார்.

மறுநாள் அண்ணன் கூடத்திலிருந்து நூறு மில்லி அளவு ஜாடி ஒன்றை முதலாளியிடம் கேட்டு வாங்கி வந்தார். மேஜையில் வைத்து, எழுபத்தைந்துக் கோடு வரைக்கும் தண்ணீர் ஊற்றிக் காட்டினார். அதையே ஐந்தாகப் பிரித்தார். காலை மாத்திரைக்கு இருபது. பத்து மணி டீ பதினைந்து. மத்தியானம் பதினைந்து. சாயங்காலம் பதினைந்து. கடைசி மாத்திரைக்குப் பத்து. ஒரு தாளில் கோடு கிழித்து, ஒவ்வொரு வேளைக்கும் அடையாளம் போட்டார். சாப்பாட்டையும் ஈரப்பசை இல்லாமல் வறட்டுப் பதமாகவே ஆக்கச் சொன்னார். பழம் வேண்டாம் என்றார், அதிலும் தண்ணீர் இருக்கிறதே என்றார். பகலில் அவர் வேலைக்குப் போய்விடுவார். நான் தையலைத் தூக்கிக்கொண்டு மேலே போய் அண்ணியோடு உட்கார்ந்துகொள்வேன்.

முதல் மூன்று நாள் எங்களுக்குச் சந்தோஷமாகவே இருந்தது. இதை எழுதவே கை கூசுகிறது. வீக்கம் வடிந்தது. கணுக்கால் எலும்பு வெளியே தெரிந்தது. மருந்துக் கடை வாசலில் இருக்கிற எடை மிஷினில் ஏற்றினோம், நாலு கிலோ இறங்கியிருந்தது. அண்ணன் அந்த எடைச் சீட்டை எடுத்துக்கொண்டு போய் கூடத்தில் எல்லோரிடமும் காட்டினாராம். அன்றைக்கு நான் வீட்டில் முழங்கால் போட்டு, ஆண்டவரே, கேட்டதைக் கொடுத்தீரே என்று அழுது நன்றி சொன்னேன். அந்த நன்றியை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை.

அண்ணியும் அந்த மூன்று நாள் விளையாட்டாகத்தான் இருந்தார். "ராணி மாதிரி ஸ்பூன்ல தண்ணி குடிக்கிறேன், பாத்தீங்களா நாத்தனாரே? இன்னும் கொஞ்ச நாள்ல வாசனை பிடிச்சே தாகம் தீர்த்துக்குவேன்" என்றார்.

நாலாம் நாள் உதடு வெடித்தது. ஐந்தாம் நாள் பேசும்போது நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு டக்கென்று சத்தம் வந்தது. வெயில் ஜன்னல் வழியாக உள்ளே வந்து கட்டில் மேல் விழும். ஆனால் அண்ணிக்கு ஒரு துளி வேர்வை இல்லை. உதட்டில் வைக்க ஈரத்துணி கேட்டார். அண்ணன் துணியை நனைத்துப் பிழிந்து, எவ்வளவு தண்ணீர் துணியில் தங்கியது என்று ஜாடியில் பார்த்தார். ஐந்து மில்லி. அன்றைக்குச் சாயங்காலம் பதினைந்துக்குப் பதில் பத்து கொடுத்தார்.

"அதையுமா கழிப்பீங்க?" என்றார் அண்ணி.

"உனக்காகத்தானே."

"எனக்காகன்னா கொஞ்சம் தப்புப் பண்ணுங்களேன். வாழ்க்கையில ஒரே ஒரு தடவை தப்பா அளங்களேன்."

அண்ணன் ஸ்பூனைக் கழுவக்கூட இல்லை, அதில் ஒட்டியிருந்த ஈரத்தையும் அண்ணி உதட்டில் தடவிவிட்டுத்தான் வைத்தார்.

ஆறாம் நாள் காலையில் குளியலறைக் கதவு தாழ்ப்பாள் போட்டிருந்தது. உள்ளே குவளையில் தண்ணீர் மொள்ளுகிற சத்தம். அண்ணன் கதவைத் தட்டினார். தட்டத் தட்டத் திறக்கவில்லை. திறந்தபோது அண்ணியின் முகமும் கழுத்தும் நனைந்திருந்தன.

"முகம் கழுவினேன்."

"குடிச்சியா?"

"முகம்தான் கழுவினேன்னு சொல்றேன்ல."

"நெஞ்சைத் தொட்டுச் சொல்லு."

அண்ணி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.  "ஒரு வாய். ஒரே ஒரு வாய்தான். ஏங்க, நான் என்ன பேட்டரியா? கோடு வரைக்கும் ஊத்திட்டு மூடிடறீங்களே!" என்றார்.

அண்ணன் குளியலறையிலிருந்து குவளையையும் வாளியையும் வெளியே எடுத்து வந்துவிட்டார். அதற்குப் பிறகு முகத்தை ஈரத்துணியால் அவரே துடைத்துவிடுவார். அன்றைக்கு வேலைக்குக் கிளம்பியவர் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். நான் கதவைச் சாத்திவிட்டு வந்து பார்த்தால், வாயில் கைக்குட்டையை அடைத்துக்கொண்டு அழுகிறார்.

"எனக்கு மட்டும் கொடுக்க ஆசையில்லையா தங்கச்சி? கொடுத்து, மூச்சு முட்டி, அவ என் கண்ணு முன்னாடி போயிட்டா? கொடுத்தவன் நான்தானே?" என்றார். அந்தத் தாளை எடுத்து, ஆறு நாளில் அந்த ஒரு வாயைத் தவிர எங்கேயும் மீறவில்லை என்று எனக்குக் காட்டினார். அதைச் சொல்லும்போது அழுகைக்கு நடுவே கொஞ்சம் பெருமையும் இருந்தது. நான் அவருக்குச் சொன்னது, "பல்லைக் கடிச்சுக்கோங்க அண்ணே. ஆண்டவன் பாத்துக்குவார்."

ஏழாம் நாள் மத்தியானத்துக்குப் பிறகு அண்ணி கேட்பதை நிறுத்திவிட்டார். தூங்கிக்கொண்டே இருந்தார். சிறுநீர் போகக்கூட எழுந்திருக்கவில்லை. உடம்பு ஓய்வு கேட்கிறது, பழகிக்கொண்டுவிட்டாள் என்றார் அண்ணன். எங்களுக்கு அப்படித்தான் தெரிந்தது.

ஒன்பதாம் நாள் காலையில் நான் மேலே போனபோது அண்ணி கண்ணைத் திறந்திருந்தார். என்னைப் பார்த்து, கூட வேலை பார்க்கிறவளிடம் பேசுவது போல, "அந்த வெள்ளைச் சட்டை காஞ்சு போச்சு. தண்ணி தெளிச்சுச் சுருட்டி வை. இல்லைன்னா சுருக்கம் போகாது" என்றார். "அண்ணி, நான்தான்" என்றேன். "தெளிக்கச் சொன்னா என்ன வேடிக்கை?" என்று அதட்டினார். கையைப் பிடித்து விட்டேன். தோலைக் கிள்ளிவிட்ட மாதிரி ஒரு மடிப்பு எழுந்து அப்படியே நின்றது. அண்ணன் செருப்பைக்கூடப் போடாமல் வண்டி பிடிக்க ஓடினார்.

ஆஸ்பத்திரியில் அதே டாக்டரம்மாதான் இருந்தார். அண்ணியைப் படுக்கவைத்து, நாக்கைப் பார்த்து, நாடி பார்த்து, அவசரமாக நர்ஸிடம் என்னென்னவோ சொன்னார். பிறகு அண்ணனிடம் திரும்பினார்.

"தண்ணி எவ்வளவு கொடுத்தீங்க ஐயா?"

அண்ணன் சட்டைப் பையிலிருந்து அந்தத் தாளை எடுத்துப் பிரித்துக் கொடுத்தார். நாலாக மடித்து வைத்திருந்தார். "எல்லாம் எழுதியிருக்கேன் டாக்டரம்மா. ஒருநாள்கூட மீறலை. ஆறாம் நாள் மட்டும் அவளாக் கொஞ்சம் குடிச்சிட்டா. அதையும் குறிச்சிருக்கேன்."

டாக்டரம்மா மேலிருந்து கீழே பார்த்தார். மறுபடி தாளின் முதல் வரிக்குப் போனார்.

"எழுபத்தஞ்சு... என்னது எழுபத்தஞ்சு?"

"மில்லி."

"ஒரு வேளைக்கா?"

"இல்லைம்மா, ஒரு நாளைக்கு. நீங்க எழுதினதுதான்."

அந்த அம்மா தாளை மேஜையில் வைத்தார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு சொன்னார். "ஐயா, நான் எழுதினது முக்கால் லிட்டர்."

"முக்கால்னா எழுநூத்தம்பது" என்றார் அண்ணன், பாடம் ஒப்பிப்பது போல.

"ஆமா."

"எழுநூத்தம்பதுன்னா புள்ளி ஏழு அஞ்சு சைபர். சீட்டுல சைபர் இல்லையே."

"கடைசி சைபரைப் போட்டாலும் ஒண்ணுதான், போடாட்டியும் ஒண்ணுதான் ஐயா. புள்ளிக்கு அப்புறம் முதல் எண் லிட்டரைப் பத்தாப் பிரிச்சா வர்ற பங்கு, அடுத்தது நூறாப் பிரிச்சா வர்ற பங்கு. ஏழு பங்கு எழுநூறு மில்லி. அஞ்சு பங்கு அம்பது மில்லி."

அவர் சொல்லி முடிப்பதற்குள் அண்ணனுக்குப் புரிந்துவிட்டது. எனக்குத்தான் புரியவில்லை, அண்ணன் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டேன். அவர் சண்டை போடவில்லை, கத்தவில்லை. "அந்த ஒரு சைபரை எழுதியிருக்கலாமேம்மா" என்று மட்டும் கேட்டார். மெதுவாக, ஏதோ உதவி கேட்கிறவர் மாதிரி. டாக்டரம்மாவின் கண் கலங்கியது. உள்ளே கூப்பிட்டார்கள், போய்விட்டார்.

குழாய் வழியாகத் தண்ணீர் ஏற்றினார்கள். சிறுநீரகம் வேலை செய்யவில்லை என்றார்கள். இதயம் பலவீனமாக இருப்பதால் வேகமாக ஏற்றவும் முடியாது, மெதுவாக ஏற்றினாலும் போதாது என்றார்கள். இரண்டாம் நாள் மத்தியானம் அண்ணிக்குக் கொஞ்சம் தெளிவு வந்தது. நர்ஸ் ஒரு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து அண்ணனிடம் நீட்டினார்.

"ரெண்டு வாய் கொடுங்க."

"ரெண்டு வாய்னா எத்தனை மில்லி சிஸ்டர்?"

"அட, சும்மா கொடுங்க ஐயா. பார்த்துக் கொடுங்க."

அண்ணன் டம்ளரை வாங்கவில்லை. கை இரண்டையும் பின்னால் கட்டிக்கொண்டு சுவரோடு போய் நின்றுவிட்டார். நான்தான் வாங்கி, அண்ணியின் தலையைத் தூக்கிக் கொடுத்தேன். பாதி உள்ளே போனது, பாதி கழுத்தில் வழிந்தது. கண்ணை மூடிக்கொண்டு, "ஜில்லுன்னு இருக்கு" என்றார். பிறகு சுவரோரம் நிற்கிறவரைத் தேடிப் பார்த்து, "என்ன, இன்னிக்கு லீவா?" என்றார்.

அண்ணன் தலையை ஆட்டினார். அதற்கு மேல் அண்ணி எதுவும் பேசவில்லை. மறுநாள் காலை பதினோரு மணிக்குப் போய்விட்டார்.

அண்ணன் டாக்டரம்மாவைத் தேடிப் போய், இறப்புச் சீட்டில் காரணம் எழுதுகிற இடத்தில் தன் பேரை எழுதச் சொன்னார். அந்த அம்மா அவரை நாற்காலியில் உட்காரவைத்தார். இதயம் ஏற்கெனவே மோசமாக இருந்தது, இதனால்தான் என்று சொல்லவும் முடியாது, இதனால் இல்லை என்று சொல்லவும் முடியாது என்றார். தான் அன்றைக்கே வாயால் ஒருமுறை சொல்லியிருக்க வேண்டும் என்றும் சொன்னார். அதெல்லாம் அண்ணன் காதில் ஏறவில்லை. "அளவு என் கையில இருந்துச்சும்மா" என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

பத்து நாள் கழித்துக் கூடத்துக்குப் போனார். எல்லோரும் விசாரித்தார்கள். வேறொருவராக இருந்தால் நோயில் போனாள் என்று சொல்லி நிறுத்திக்கொள்வார். இவர் ஒவ்வொருவரிடமும் அந்த 0.75 கதையை முழுசாகச் சொன்னார். லேபிள் ஒட்டுகிற அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். முதலாளி தோளைத் தட்டி, "விடுய்யா. யார் வேணும்னாலும் தப்பாப் படிக்கலாம்" என்றார்.

"நான் படிக்கலாமா முதலாளி?" என்று கேட்டாராம்.  அதற்குப் பிறகு அண்ணன் அங்கே போகவில்லை.

மேல்வீட்டில் அவர் நடக்கிற சத்தம் பகல் முழுக்கக் கேட்கும். சாப்பாடு கொண்டுபோனால் சாப்பிடுவார். தண்ணீர் வைத்தால் அப்படியே இருக்கும். "குடிங்க அண்ணே" என்று நான் நின்றால்தான் குடிப்பார். பிரார்த்தனைக்குக் கூப்பிட்டேன். "நீ போம்மா. நான் வந்து என்னன்னு கேக்கறது?" என்றார். எனக்கும் அது தெரியவில்லை. ஆனாலும் நான் போகிறேன். போய் உட்கார்ந்து, வாயைத் திறக்காமல் வருகிறேன்.

ஒருநாள் காலை அவரே கீழே இறங்கி வந்தார். நான் தைத்துக்கொண்டிருந்தேன். எதிரில் உட்கார்ந்தார்.

"தங்கச்சி, நான் வேலைக்குப் போனப்புறம் அவ உன்கிட்ட தண்ணி கேட்டாளா?"

"கேட்டாங்க அண்ணே."

"நீ... கொடுத்தியா?"

அவர் முகத்தைப் பார்த்தேன். அண்ணி செத்த பிறகு முதல்முறையாக அந்த முகத்தில் ஏதோ ஒன்று அசைந்தது. நான் அவருக்குத் தெரியாமல், அவர் சொல்லை மீறி, திருட்டுத்தனமாகக் கொடுத்திருப்பேன் என்று நம்பி வந்திருக்கிறார்.

நான் கொடுக்கவில்லை. இதை இவ்வளவு நேரம் எழுதாமல் விட்டேன். தினமும் கேட்டார். ஏழாம் நாள் பகலில் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "நீங்க பொம்பளைதானே, உங்களுக்குமா புரியலை?" என்று கேட்டார். நான் அவர் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து சத்தமாகப் பிரார்த்தனை சொன்னேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகுதான் கேட்பதை நிறுத்தினார்.

"கொடுத்தேன் அண்ணே" என்றேன். எனக்கு விவரம் தெரிந்து நான் சொன்ன பெரிய பொய் அதுதான்.

அண்ணன் முன்னால் நகர்ந்தார். "எவ்வளவு?"

அதை நான் எதிர்பார்க்கவில்லை. "ஒரு டம்ளர்."

"எந்த டம்ளர்?"

"மேஜையில இருக்குமே, அந்தக் கண்ணாடி டம்ளர்."

"அது இருநூறு. நிறைய ஊத்தினியா?"

"நிறைய."

"தினமுமா?"

"தினமும்."

கண்ணை மூடிக்கொண்டார். உதடு அசைந்தது. பிரார்த்தனை செய்கிறார் என்று நினைத்து நானும் கையைக் கூப்பினேன். அவர் கூட்டிக்கொண்டிருந்தார்.

"இருநூறும் எழுபத்தஞ்சும் இருநூத்தி எழுபத்தஞ்சு" என்றார். கண்ணைத் திறந்தார். அந்த அசைவு போய்விட்டிருந்தது. "இன்னும் நானூத்தி எழுபத்தஞ்சு பத்தலையேம்மா."

இரண்டு டம்ளர் என்று சொல்லியிருக்கலாம். மூன்று என்றுகூடச் சொல்லியிருக்கலாம், பொய்தானே. அந்த நேரத்தில் எனக்குத் தோன்றவில்லை. அவர் மேஜையைப் பிடித்து எழுந்து, படியேறிப் போனார்.

மறுநாளும் வந்தார். "நல்லா யோசிச்சுப் பாரு. ஒரே டம்ளர்தானா?" என்று கேட்டார். அதற்கு அடுத்த நாளும் வந்தார். நான் துணியைப் பார்த்தபடி மிஷினை மிதித்துக்கொண்டே இருக்கிறேன். அவர் பதிலுக்காக நிற்கிறார்.